பழைய வண்டிக்குப் புது பெயின்ட்... அடியில் இருக்கும் துருவை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பழைய காருக்கு முழுசா பெயின்ட் அடித்தாயிற்று. வண்டி ஷோரூமில் இருந்து அப்போதுதான் இறங்கிய மாதிரி மின்னுகிறது. ஒரு மழைக்காலம் முடிகிறது. கதவின் அடி ஓரத்தில் கடுகு அளவில் ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினால் பெயின்ட் உடைந்து, உள்ளே இருந்து பழுப்பு நிறத் தூள் கொட்டுகிறது.

'பெயின்ட் குவாலிட்டி சரியில்லை' என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் தப்பு பெயின்டில் இருப்பதில்லை. அதற்கு அடியில் நடந்த வேலையில், அல்லது நடக்காமல் போன வேலையில் இருக்கிறது.

சொந்தப் பயன்பாட்டு வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பா ஓட்டிய மாருதி 800, வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடர், ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய புல்லட் என எதுவாக இருந்தாலும், 'ஒரு பெயின்ட் அடிச்சுடலாம்' என்ற பேச்சு வீட்டில் எழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அந்தச் செலவு வீணாகாமல் இருக்க, பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை என்னென்ன? பார்ப்போம்.

துரு பெயின்டுக்கு அடியிலும் வளருமா?

வளரும். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது பள்ளிப் பாடம். வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு அடுத்த பகுதி.

அலுமினியமும் காற்றில் ஆக்சிஜனோடு சேரும். ஆனால் அப்போது உருவாகும் மெல்லிய படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, கீழே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துரு அப்படியில்லை. அது பொரபொரவென்று, நுண் துளைகளோடு இருக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் அடுத்த அடுக்கு இரும்பும் துருப்பிடிக்கும். தகடு தீரும் வரை இது நிற்காது.

இன்னொரு விஷயம், இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் மூடியிருந்தால், அது அந்தப் பெயின்டை உள்ளிருந்து தள்ளும். நாம் பார்க்கும் கொப்புளம் அதுதான். கொப்புளம் கண்ணில் படும்போது, அடியில் துரு அதைவிட அகலமாகப் பரவியிருக்கும்.

கடலோர ஊர்களில் ஏன் இவ்வளவு வேகம்?

காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். சென்னையில் பல மாதங்கள் அதற்கு மேல்தான். இதோடு கடல் காற்றில் வரும் உப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். உப்பில் உள்ள குளோரைடு, துரு உருவாகும் மின்வேதியியல் வினையையும் வேகப்படுத்தும்.

பாம்பன் இதற்கு நல்ல உதாரணம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், உப்புக் காற்றோடு ஒரு நூற்றாண்டு போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு, அரிமானத்தைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடிக்கப்பட்டிருக்கிறது. அரிமானத்தை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்திலும் ஒரு மையம் வைத்திருக்கிறது. பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ தெருவில் நிற்கும் காரும் இதே உப்புக் காற்றைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டிகளுக்கு இன்னும் கூடுதல் சிக்கல். கதவுக்குள்ளும் தரைத் தகட்டின் மடிப்புகளிலும் புகுந்த சேறு, மேலே துடைத்தால் போகாது. அது உள்ளேயே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

முதல் வேலை: எந்த ரகத் துரு?

எல்லாத் துருவுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

மேல் துரு: கல் தெறித்த இடம், கீறல் விழுந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் தூள் மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீழே பளபளவென்று தகடு தெரியும். இது சுலபம், செலவும் குறைவு.

குழித் துரு: தேய்த்த பிறகும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தகட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்திருக்கும். குழிக்குள் உப்புத்தாள் போகாது. ரசாயனம் தேவைப்படும் இடம் இதுதான்.

ஓட்டைத் துரு: ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தினாலே உள்ளே இறங்கும். அல்லது தட்டினால் 'டங்' என்ற சத்தம் வராமல் மந்தமாகக் கேட்கும். இங்கே தகடே மிச்சமில்லை. எந்த ரசாயனத்தாலும் பட்டியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் ஒரே வழி.

இந்த மூன்றாவது ரகம் எங்கே இருக்கிறது என்பது ரொம்ப முக்கியம். மட்கார்டில் ஓட்டை என்றால் அது அழகுப் பிரச்சினை. சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பாடி ஓரம், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், பிரேக் பைப் போன்றவற்றில் என்றால் அது உயிர்ப் பிரச்சினை. விபத்தில் மோதலின் வேகத்தைத் தாங்க வேண்டிய பாகங்களும் இவற்றில் உண்டு. அங்கே பெயின்ட் அடித்து மறைப்பது, பார்வைக்கு வண்டியை நன்றாக்கி, உள்ளே இருப்பவர்களை ஆபத்தில் வைப்பதற்குச் சமம்.

வெளியே தெரிவது, உள்ளே இருந்து வந்ததா?

கதவின் அடிப்பகுதி, டிக்கியின் ஓரம், சக்கர வளைவு போன்ற இடங்களில் கொப்புளம் வந்தால், துரு பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் தொடங்கியிருக்கும். கதவுக் கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற, கதவின் அடியில் சிறு துவாரங்கள் இருக்கும். தூசியும் இலைச் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

இந்த இடங்களில் வெளிப்பக்கம் மட்டும் தேய்த்து பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம் வரும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, துவாரங்களைச் சுத்தம் செய்து, உள்பக்கத் துருவையும் கவனித்த பிறகே வெளி வேலையைத் தொடங்க வேண்டும். தரை மேட்டையும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் உள்ளே கசிந்து, மேட்டுக்கு அடியில் தகடு அரித்துப்போயிருப்பது பழைய கார்களில் சகஜம்.

பைக் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டேங்கின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே கொப்புளம் இருந்தால், டேங்குக்குள் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கலாம்.

துருவை எடுப்பது எப்படி?

1. கழுவுவது: முதலில் சேறு, கிரீஸ், உப்பு எல்லாம் போக வேண்டும். இதைச் செய்யாமல் தேய்த்தால் கிரீஸும் உப்பும் தகட்டுக்குள் இன்னும் அழுத்தித் தேய்க்கப்படும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பயன்படுத்துவது நல்லது. தகட்டில் தங்கும் உப்பு, பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துப் புதுக் கொப்புளத்தை உண்டாக்கும்.

2. தேய்ப்பது: உதிரும் துருவை கம்பி பிரஷ் அல்லது கிரைண்டரில் எடுத்துவிட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று போக வேண்டும். புள்ளி இருக்கும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வரை பெயின்டை எடுத்து, நல்ல தகடு தெரியும் வரை போக வேண்டும். நல்ல பெயின்டும் தகடும் சேரும் விளிம்பு, விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக இருக்க வேண்டும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு சூடேறி வளைந்துவிடும்.

3. குழிகளுக்கு ரசாயனம்: பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' கடைகளில் கிடைக்கும். குழிக்குள் மிச்சமிருக்கும் துருவோடு இது வினைபுரிந்து, அதை நிலையான, கருமையான படலமாக மாற்றும். பலர் தப்பு செய்வது இங்கேதான். உதிரும் துருவின் மேலேயே ஊற்றினால், மேல் தோல் மட்டும் மாறும். அடியில் துரு அப்படியே இருக்கும். எனவே தேய்த்த பிறகுதான் கன்வெர்ட்டர். அது துருவை அடக்கும். இழந்த பலத்தைத் தகட்டுக்குத் திருப்பித் தராது.

4. எச்சத்தை எடுப்பது: சில கன்வெர்ட்டரைத் தண்ணீரில் கழுவ வேண்டும். சிலவற்றைக் கழுவவே கூடாது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. அமில எச்சம் தங்கினால், அதன் மேல் அடிக்கும் ப்ரைமர் சரியாகப் பிடிக்காது.

5. உடனே ப்ரைமர்: துரு எடுத்த வெறும் தகடு, நம் ஊர் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடியும் பழுப்பேறத் தொடங்கும். வெறும் கையால் தொட்டால் வியர்வையின் உப்பே போதும், விரல் ரேகை துருவாகத் தெரியும். 'இன்னிக்கு தேய்ச்சு வெச்சுடுறோம், திங்கள்கிழமை ப்ரைமர் அடிச்சுக்கலாம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தேய்த்த அன்றே அடிக்க வேண்டும்.

ரெட் ஆக்சைடு போதாதா?

வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமரை காருக்கும் அடிப்பது பல இடங்களில் நடக்கிறது. விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுசாகத் தடுக்காது. அதன் மேல் ஹார்ட்னர் கலந்த கார் பெயின்டை அடிக்கும்போது, அதில் உள்ள தின்னர் அடி ப்ரைமரைச் சுருங்கவைத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

தொழிற்சாலையில் காரின் உடல் முழுவதையும் பாஸ்பேட் கரைசலிலும், பிறகு மின்சாரம் பாயும் பெயின்ட் தொட்டியிலும் முக்கி எடுத்து, 150 டிகிரிக்கு மேல் சூட்டில் வேகவைப்பார்கள். மூலை முடுக்கெல்லாம் அந்தப் பூச்சு போய்ச் சேரும். பட்டறையில் இதைத் திரும்பச் செய்ய முடியாது. அதற்கு நெருக்கமாக வரக்கூடியது, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் எபாக்சி ப்ரைமர். தகட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். ரெட் ஆக்சைடைவிட விலை கூடத்தான். ஆனால் பழைய வண்டியில் கூடுதல் பணம் போடத் தகுதியான ஒரே அடுக்கு எது என்று கேட்டால், இதுதான்.

பட்டி பார்ப்பது எப்போது?

பட்டி என்பது மேடு பள்ளத்தைச் சமன் செய்ய மட்டும்தான். ஓட்டையை அடைக்க அல்ல. காய்ந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் பட்டி வைத்தால், துருவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தகட்டை முதலில் எபாக்சி ப்ரைமரால் மூடிவிட்டு, அதன் மேல் மெல்லிசாகப் பட்டி பார்ப்பது பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பான வழி. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2, 3 மி.மீ. தடிமனைத் தாண்டினால் பட்டி பின்னாளில் வெடிக்கும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்வாகத் தேய்ப்பதே நல்லது. தண்ணீர் பேப்பரின் வேலை அதற்கு மேல் அடிக்கும் சர்ஃபேசரில்தான் வரும்.

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குபவர்களுக்கும் இது உதவும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை கதவின் அடி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழுள்ள பாடி ஓரம் எனத் தடவிப் பார்க்கலாம். மற்ற இடங்களில் ஒட்டும் காந்தம் ஒரு இடத்தில் மட்டும் நழுவினால், அங்கே அடியில் தகடு இல்லை, பட்டிதான் தடிமனாக இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்தவெளிப் பட்டறையில் பெயின்ட் வேலை கொடுக்காமல் இருப்பது நல்லது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு வேலை செய்யக் கூடாது என்பது பொதுவான தொழில் விதி. அதிகாலையில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் இருக்கும். அதன் மேல் ப்ரைமர் அடித்தால், ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுகிறோம். மூடிய பூத் வசதியுள்ள பட்டறை என்றால் இந்தக் கவலை குறைவு.

வீட்டிலேயே செய்யலாமா?

மேல் துரு ரகத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால் வார இறுதியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு.

கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடியும், கன்வெர்ட்டர் தொடும்போது கையுறையும் கட்டாயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. வீட்டுக் குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் கிரைண்டரும் வெல்டிங்கும் கூடவே கூடாது. பெட்ரோல் தீர்ந்த டேங்கில் இருக்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

ஹார்ட்னர் கலந்த கார் பெயின்டை வீட்டில் ஸ்ப்ரே செய்வதைத் தவிர்த்துவிடலாம். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். கைக்குட்டையோ, கொரோனா கால முகக்கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் பெயின்டர் அண்ணன்கள் நாள் முழுக்க இதைத்தான் சுவாசிக்கிறார்கள். பட்டறையைத் தேர்வு செய்யும்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு முறையான முகமூடி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

பெயின்ட் பிராண்ட், நிறம், பளபளப்பு பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு நடக்கும். அதற்கு முன் இந்த 5 கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. துரு இருக்கும் இடங்களில் வெறும் தகடு வரை எடுப்பீர்களா?
2. ஓட்டை இருந்தால் தகடு வைத்து வெல்டிங்கா, பட்டியா?
3. வெறும் தகட்டின் மேல் முதலில் என்ன ப்ரைமர்?
4. கதவுக்கு உள்பக்கமும் பார்ப்பீர்களா?
5. ப்ரைமர் அடிப்பதற்கு முன் நேரில் வந்து பார்க்கலாமா, அல்லது போட்டோ அனுப்புவீர்களா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். பெயின்ட் அடித்த பிறகு அடியில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்' என்ற பதிலோடு விட்டுவிடாமல், வேலையை நிலைகளாகப் பிரித்து, துரு எடுத்து முடித்த நிலையில் வண்டியைப் பார்த்த பிறகு அடுத்த தவணைப் பணம் என்று முன்பே பேசிக்கொள்வது இரண்டு தரப்புக்கும் நல்லது. நல்ல டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார். தன் வேலையைக் காட்ட அவருக்கும் அதுதான் வாய்ப்பு.

பட்ஜெட் கம்மி என்றால், முழு வண்டிக்கும் சுமாரான பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாக, துரு உள்ள பாகங்களை மட்டும் முறையாக எடுத்து, எபாக்சி ப்ரைமரோடு அந்தப் பாகங்களுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம். நிறத்தில் லேசான வித்தியாசம் தெரியலாம். ஆனால் தகடு மிஞ்சும். இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமே என்று காத்திருப்பதிலும் பலனில்லை. துரு என்பது தேய்மானக் கணக்கு. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது.

நிறத்தை மாற்றலாமா?

ஏற்கெனவே உள்ள அதே நிறம் என்றால் பிரச்சினை இல்லை. வேறு நிறம் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்சியில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். பழைய புல்லட் பிரியர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மற்றவர்கள் அதை அடிக்கக் கூடாது.

பெயின்ட் அடித்த பிறகு?

கதவு, பாடி ஓரம் போன்ற உள்கூடுகளில் துரு தடுப்பு மெழுகை ஸ்ப்ரே செய்துவிட்டால் ஈரம் தகட்டைத் தொடாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அடித் துவாரங்களைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடுத்த நாளே வண்டியின் அடிப்பகுதியையும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லது. ஈரமான வண்டியை அப்படியே கவர் போட்டு மூடுவது, துருவுக்குக் கூடாரம் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

கல் தெறித்து பெயின்ட் பெயர்ந்த இடம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கு அது ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் ப்ரைமர், டச்-அப் பெயின்டோடு முடியும் வேலை. இரண்டு மழைக்காலம் விட்டால், வெல்டிங் மெஷின் தேவைப்படும் வேலை.